யூட்டாவின் செம்பாறை மேட்டில் மூன்று இரவுகள்



அமெரிக்கா என்றதும் நம் மனக்கண்ணில் வானுயர்ந்த கட்டிடங்களும் நயாகரா நீர்வீழ்ச்சியுமே முதலில் தோன்றுகின்றன. அதே நாட்டின் மேற்குப் பகுதியில், கடலை விட்டு வெகுதொலைவில், யூட்டா என்றொரு வறண்ட மாநிலம் உண்டு. ஐம்பது மாநிலங்களுள் நெவாடாவுக்கு அடுத்தபடியாக மிகக் குறைந்த மழை பெறும் மாநிலம் இதுவே. இத்தகைய நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கென்றே குடும்பம் குடும்பமாக மக்கள் செல்கின்றனர் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வரும்போது, நீரற்ற இடத்தைத் தேடிப் போவானேன் என்று என் மருமகனிடமே கேட்டேன். "வந்து பாருங்கள் மாமா" என்றார் அவர்.

என் மகள் குடும்பம் யூட்டாவின் தலைநகராகிய சால்ட் லேக் சிட்டியில் வாழ்கிறது. அவர்களைக் காணச் சென்றிருந்த ஓர் அக்டோபர் மாதத்தில், நானும் என் மனைவியும், மகளும் மருமகனும், பேரன் பேத்தி இருவருமாக ஆறு பேர், மூன்று இரவுகள் கூடாரத்தில் கழித்தோம். எங்கள் வயதில் தரையில் படுத்துறங்குவது நடக்கக்கூடியதா என்ற ஐயம் புறப்படும்வரை இருந்தது. உண்மையில் அஞ்ச வேண்டியது அதற்கன்று என்பது போன பின்னர்தான் விளங்கியது.

பூங்கா என்ற சொல்லைக் கேட்டு மலர்ச்செடிகளையும் நீரூற்றையும் எதிர்பார்த்துவிடாதீர்கள். அந்நாட்டில் மத்திய அரசு பேணும் தேசியப் பூங்காக்கள் ஒரு வகை. அந்தந்த மாநில அரசு பேணும் மாநிலப் பூங்காக்கள் மற்றொரு வகை. யூட்டாவில் மாநிலப் பூங்காக்களுக்கென ஆணையம் ஒன்று 1957-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இயற்கை எப்படி விட்டுவைத்ததோ அப்படியே காப்பதுதான் இவற்றின் நோக்கம். தங்க வருவோருக்குச் சமப்படுத்திய சிறு நிலத்துண்டு, மரப்பலகை மேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், சற்றுத் தொலைவில் கழிப்பிடம் என்பவை இருக்கும். சில இடங்களில் நிழற்கூரையும் உண்டு. இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி, மாதக்கணக்கில் முன்னதாகவே இடத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் நம் பொறுப்பு. இந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

நாங்கள் முதலில் சென்ற இடம் டெட் ஹார்ஸ் பாயிண்ட். 'செத்த குதிரை முனை' என்று பொருள். மங்கலமான பெயர் அன்று என்று என் மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். 1959-ஆம் ஆண்டில் மாநிலப் பூங்காவாக ஆக்கப்பட்ட இவ்விடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்த செம்பாறை மேட்டுநிலம். மேட்டின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளைந்து ஓடுகிறது. அருகிலுள்ள ஊர் மோவாப். சாலை வழியே ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து வருவோர் மோவாப் ஊருக்குள் நுழையாமலே, அதற்கு முன்னதாகப் பிரியும் சாலையில் திரும்பிப் பூங்காவுக்கு ஏறிவிடலாம். நாங்களும் அவ்வாறே செய்தோம். நேரம் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்தோம். மாலை வெயில் சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, கூடாரத்தை விரித்து, சோற்றுப் பானையை எடுத்து வைத்து, "தண்ணீர்க் குழாய் எங்கே?" என்று கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த மேட்டில் ஊற்று இல்லை, கிணறு இல்லை. பூங்காவில் பயன்படும் நீர் முழுவதும் வெளியிலிருந்து லாரியில் கொண்டுவரப்படுகிறது. ஆதலால் தங்க வருவோர் தமக்கு வேண்டிய நீரை நிரப்பிக்கொண்டே வர வேண்டும் என்று முன்பே அறிவித்திருக்கிறார்கள். நாங்கள்தாம் அதைப் படிக்கவில்லை. இடத்தைப் பதிவு செய்த மருமகன், மகள் படித்திருப்பாள் என்று எண்ணினார். மகள், அவர் படித்திருப்பார் என்று எண்ணினாள். குடும்பங்களில் இது புதிதன்று.

வாகனத்தில் இருந்த நீரைக் கணக்கிட்டோம். எல்லாப் புட்டிகளும் சேர்ந்து ஒன்பது லிட்டர் தேறின. இத்தகைய வறண்ட நிலத்தில் ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர் வேண்டும் என்பது பொதுவிதி. குடிப்பதற்கும் சமையலுக்கும் சேர்த்து, அதுவும் சிக்கனமாகச் செலவிட்டால். ஆறு பேருக்கு இருபத்துநான்கு லிட்டர். இரண்டு நாளைக்கு நாற்பத்தெட்டு. எங்களிடம் இருந்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

'தாகமே எடுக்கவில்லையே' என்று நான் சொன்னேன். அதுதான் இந்நிலத்தின் ஏமாற்று. நம் ஊர்க் கோடையில் வியர்வை சட்டையை நனைக்கிறது. உடம்பு நீரை இழப்பது கண்ணுக்குத் தெரிகிறது. யூட்டாவின் உலர்ந்த காற்றில் வியர்வை தோலில் நிற்பதே இல்லை. அரும்பிய கணமே ஆவியாகி விடுகிறது. இழப்பு தெரியாமலே இழக்கிறோம். உதடு வெடிப்பது, தலை வலிப்பது, குழந்தைகள் காரணமின்றிச் சிணுங்குவது ஆகியவை முதல் அடையாளங்கள். பேத்தி மாலையிலிருந்து தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயணக் களைப்பு என்று நாங்கள் விட்டுவிட்டோம். நீர் கொடுத்ததும் ஒரே மூச்சில் அரைப் புட்டியைக் காலி செய்தாள். அப்போது எனக்கு உள்ளூர ஓர் அச்சம் எழுந்தது.

மருமகன் வாகனத்தை எடுத்துக்கொண்டு மோவாப் புறப்பட்டார். போக வர இரண்டு மணி நேரம். இருள் கவிந்த அந்த மேட்டில் நாங்கள் ஐவரும் காத்திருந்தோம். மஃரிபு நேரம் வந்தது. இருக்கும் நீர் குடிப்பதற்கே வேண்டியிருந்ததால், ஒளுவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்வது என்று முடிவு செய்தோம். பேரனுக்கு அதுதான் முதல் தயம்மும். மண்ணில் கை தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வதை அவன் ஒரு விளையாட்டைப்போல் உற்சாகமாகச் செய்தான். தொழுகைக்கு முகம் திருப்பியதோ வடகிழக்கு நோக்கி! மேற்கே திரும்பித் தொழுதே பழகிய எனக்கு, அஸ்தமித்த சூரியனுக்கு ஏறக்குறையப் புறங்காட்டி நின்றது விந்தையாக இருந்தது.

அந்தக் காத்திருப்பில்தான் மகள் பூங்காவின் பெயர்க் கதையைச் சொன்னாள். இது செவிவழிக் கதையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மாடு மேய்ப்போர் காட்டுக் குதிரைகளைத் துரத்தி இம்மேட்டுக்குள் அடைப்பார்களாம். மேட்டின் நாற்புறமும் செங்குத்துப் பாறை. உள்ளே வரும் கழுத்துப் பகுதியின் அகலமோ சுமார் 30 கெஜம்தான். அதை மரக்கிளைகளால் அடைத்துவிட்டால் இயற்கையே அமைத்த தொழுவம் ஆகிவிடும். நல்ல குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவர். ஒருமுறை அப்படி விடப்பட்ட குதிரைகள் வெளியேறாமல் அங்கேயே நின்று தாகத்தால் மாண்டனவாம். கீழே, கண்ணுக்கு நேரே, கொலராடோ ஆறு ஓடிக்கொண்டிருந்ததாம். கதை முடிந்ததும் எவரும் பேசவில்லை. மருமகனின் வாகன விளக்கு தொலைவில் தெரிந்தபோது என் மனைவி "அல்ஹம்துலில்லாஹ்" என்றது மட்டும் கேட்டது. ஐந்து பெரிய கேன்களில் நீர் வந்து சேர்ந்தது. இரவு பத்து மணிக்குச் சோறு பொங்கினோம்.

மறுநாள் காலை, மேட்டின் விளிம்பிலிருந்து நோக்கியபோது தொலைவில் செம்பாறைகளுக்கு நடுவே பளிச்சிடும் நீலக் குளங்கள் தெரிந்தன. "நன்னா, தண்ணீர்!" என்று கத்தினான் பேரன். அது குடிக்கும் நீர் அன்று. உரத்துக்கான பொட்டாஷ் உப்பு எடுக்கும் பாத்திகள். கொலராடோ ஆற்று நீரைப் பூமிக்குள் சுமார் 900 மீட்டர் ஆழத்துக்குச் செலுத்தி, அங்குள்ள உப்பைக் கரைத்து மேலே கொணர்ந்து, வெயிலில் காய விடுகிறார்கள். வெயிலை நன்கு ஈர்த்து விரைவில் ஆவியாகட்டும் என்பதற்காக நீலச் சாயமும் கலக்கிறார்கள். முன்பு ஆட்களே சுரங்கத்தில் இறங்கி வெட்டினர். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நேர்ந்த வெடிவிபத்தில் 18 தொழிலாளர் மாண்டனர். 1970-களின் தொடக்கம் முதல் நீர்வழி முறைதான். நம் தூத்துக்குடி உப்பளங்களைக் கண்டவர்களுக்கு அந்தப் பாத்திகளின் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

வாசகர்களே, இவ்விடத்தில் நான் சற்று நின்று மண்ணைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கூடாரத்தைச் சுற்றிய நிலத்தில் கருத்து, மேடு பள்ளமாக, தீய்ந்த ரொட்டியின் மேற்புறம்போல் ஒரு படலம் காணப்பட்டது. அழுக்கு என்று எண்ணி மிதிக்கப் போனேன். மகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அது உயிருள்ள மண். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்து நூல்போல் பின்னி மணலைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. காற்று மண்ணை அள்ளிச் செல்லாமல் தடுப்பதும், விழுகின்ற சிறு மழையைப் பிடித்து வைப்பதும், செடிகளுக்குத் தழைச்சத்து தருவதும் அந்தப் படலமே. ஒரு காலடி பட்டு நொறுங்கினால் மீண்டும் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே கூடாரத்தை ஒதுக்கிய இடத்தில் மட்டுமே அடிக்க வேண்டும். நடப்பதானால் பாதையிலோ, வெறும் பாறையிலோ, மணல் ஓடையிலோ நடக்க வேண்டும். முந்தைய இரவு தயம்முமுக்கு நாங்கள் பாதையின் புழுதியைத் தொட்டது தற்செயலான நல்வாய்ப்பு.

பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரிலும் கை கால் கழுவலாகாது. அந்தச் சிறு குட்டைகளில் நகத்தளவு இறால்கள் வாழ்கின்றன! குட்டை வற்றினால் அவை மடிந்துவிடும். முட்டைகளோ வெயிலிலும் பனியிலும் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். நம் கையில் ஒட்டியிருக்கும் சோப்பும் எண்ணெயும் அவற்றுக்கு நஞ்சு. அங்கே கங்காரு எலி என்றொரு பிராணியும் உண்டு. வாழ்நாள் முழுதும் நீர் அருந்தாமலே, உண்ணும் விதைகளைக் கொண்டே உடம்பிற்கு வேண்டிய ஈரத்தை அது ஆக்கிக்கொள்கிறது. ஆறு பேருக்கு ஐந்து கேன் சுமந்து வந்த எங்களுக்கு அதன்மேல் பொறாமைதான்.

கூடாரம் அடிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பாறையில் முளை இறங்காது. மணலிலோ இறங்கும், ஆனால் நிற்காது. இரண்டாம் நாள் பிற்பகலில் காற்று எழுந்து எங்கள் கூடாரத்தைப் பாய்மரம்போல் உப்ப வைத்து, ஒரு பக்கத்து முளைகளை எல்லாம் பிடுங்கிவிட்டது. அடுத்த இடத்தில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் வந்து, பைகளில் மணல் நிரப்பிக் கயிறுகளின் முனையில் கட்டிக் காட்டினார். அதன்பின் அது அசையவில்லை. இரவுக் குளிரையும் குறைவாக எண்ண வேண்டாம். மேகமும் ஈரமும் இல்லாத வானம் போர்வை இல்லாத வீட்டைப் போன்றது. பகல் சூடு முழுவதும் மேலே போய்விடுகிறது. பகலில் சட்டை போதுமென்று இருந்த இடத்தில் விடியற்காலையில் ஐந்து டிகிரிக்கு இறங்கியிருந்தது. குளிர் மேலிருந்து வருவதாக எண்ணிப் போர்வைகளை அடுக்கினோம். அது வந்ததோ கீழிருந்து. காற்றடைத்த மெத்தையைவிட, தரையில் விரிக்கும் கெட்டியான நுரைப்பாய் நல்லது என்பது என் முதுகு கண்ட முடிவு.

சமையலைப் பற்றி நம் இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். இறைச்சி வாட்டும் இரும்புத் தட்டி அங்கே எல்லாருக்கும் பொது. நமக்கு முன் தங்கியவர் எதை வாட்டினார் என்பது தெரியாது. என் மகள் தனியே ஒரு தட்டியும் எரிவாயு அடுப்பும் எடுத்து வந்திருந்தாள். வறட்சி மிகுந்த நாள்களில் விறகு நெருப்புக்கே தடை விதித்துவிடுவார்கள் ஆதலால், எரிவாயு அடுப்பு எப்படியும் கையில் இருப்பது நலம். காய்ந்த ஜூனிப்பர் சுள்ளிகள் கண்முன் கிடந்தாலும் பொறுக்கக் கூடாது. அவை அந்த மண்ணுக்கு உரம்.

மூன்றாம் இரவுக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள காப்ளின் வேலி மாநிலப் பூங்காவுக்குச் சென்றோம். பூதப் பள்ளத்தாக்கு என்று கொள்ளலாம். 1964 முதல் மாநிலப் பூங்காவாக உள்ளது. காற்றும் நீரும் செதுக்கிய காளான் வடிவப் பாறைகள், ஆளுயரத்திலும் அதைவிட உயரமாகவும் எங்கு நோக்கினும் நிற்கின்றன. அவற்றின் நடுவே ஓடி ஒளிந்து விளையாடப் பிள்ளைகளுக்குத் தடையே இல்லை. பேரனையும் பேத்தியையும் சாப்பாட்டுக்கு அழைத்து வருவதே பெரும்பாடாயிற்று. ஏறித் தள்ளுவதுதான் குற்றம். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில், சாரணச் சிறுவர்களை அழைத்து வந்த வளர்ந்த மனிதர் ஒருவர் அத்தகைய பாறை ஒன்றைக் கீழே தள்ளிவிட்டார். உடன் வந்தவர் அதைப் படம் பிடித்துச் சிரித்தார். பிள்ளைகள்மேல் விழுந்துவிடும் என்று அஞ்சியே தள்ளியதாகச் சொன்னார்கள். மறு ஆண்டில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சிறுவர்களுக்கு வழிகாட்ட வந்தவர்கள்! அந்தப் பாறையோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருவானது.

பள்ளத்தாக்கின் அருகே, இரு கைகளையும் நீட்டினால் இருபுறமும் தொடக்கூடிய குறுகிய பாறை இடுக்குகள் உள்ளன. பலரும் அவற்றினுள் நடந்து செல்கின்றனர். நீரில்லாமை மட்டுமே இந்நாட்டின் ஆபத்து என்று எண்ணியிருந்த எனக்கு, நீரே ஆபத்து என்பது இங்கேதான் புரிந்தது. மண்ணும் மரமும் இல்லாத வெறும் பாறையில் மழை விழுந்தால் உறிஞ்சுவதற்கு ஏதுமில்லை. அத்தனையும் இடுக்குகளை நோக்கிப் பாய்கிறது. நம் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். பல கிலோமீட்டர் அப்பால் பெய்த மழை சேறும் கல்லுமாக வந்து சேரும். 2015 செப்டம்பர் 14 அன்று இதே மாநிலத்தின் தென்பகுதியில், சயான் தேசியப் பூங்காவின் பாறை இடுக்கு ஒன்றில் இறங்கியிருந்த ஏழு பேரும் ஒருவர் மிச்சமின்றி மாண்டனர். அதே நாளில் ஹில்டேல் என்னும் சிற்றூரில் வெள்ளம் வாகனங்களை அடித்துச் சென்றதில், பெண்களும் குழந்தைகளுமாகப் பதின்மூன்று பேர் உயிரிழந்தனர். வறண்ட ஓடையின் மணல் மெத்தைபோல் இருக்கிறதே என்று அதில் கூடாரம் அடிக்கத் தோன்றும். அடிக்கவே கூடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் இடிமழைக் காலம். அன்றைய வானிலையைப் பூங்காக் காவலரிடம் கேட்காமல் இடுக்குகளில் இறங்குவதும் கூடாது. நாங்கள் கேட்டோம், வானம் தெளிவு என்றார். ஆயினும் நானும் என் மனைவியும் வாயிலிலேயே நின்றுகொண்டோம். இளையவர்கள் சிறிது தூரம் போய் வந்தார்கள்.

அன்றிரவு நிலவு இல்லை. இந்த இரு பூங்காக்களும் 2016-ஆம் ஆண்டில் 'இருண்ட வானப் பூங்கா' என்னும் பன்னாட்டுத் தகுதி பெற்றவை. செயற்கை ஒளி வானத்தைக் கெடுக்காதபடி விளக்குகளைக் கீழ்நோக்கியே அமைத்திருக்கிறார்கள். பால்வீதி விளிம்பிலிருந்து விளிம்புவரை கிடந்தது. என் சிறுவயதில், ஊருக்கு மின்சாரம் வராத காலத்தில், வீட்டுத் திண்ணையில் படுத்துப் பார்த்த வானம் அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நான் காணவில்லை என்பதே அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. பேத்தி, "நன்னி, இவ்வளவு நட்சத்திரம் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாள். "முன்பே இருந்ததுதான்" என்றார் என் மனைவி.

யூட்டாவில் இவ்வாறு பல பூங்காக்கள் உண்டு. கோடாக்ரோம் பேசின் என்ற ஒன்றுக்கு, 1948-இல் அங்கு சென்ற நேஷனல் ஜியாகிரபிக் குழுவினர் தம் புகைப்படச் சுருளின் பெயரைச் சூட்டினர். அந்தச் சுருளின் உற்பத்தி 2009-இல் நின்றுவிட்டது. பூங்கா மட்டும் அப்பெயரோடு நிற்கிறது. ஸ்னோ கேன்யன் என்பதைக் கேட்டுப் பனியை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்னோ என்பது அப்பகுதியின் முன்னோடிகள் இருவரின் குடும்பப் பெயர். மாநிலத்தின் வெப்பம் மிகுந்த மூலைகளுள் அது ஒன்று.

உங்கள் மகனோ மகளோ அந்தப் பக்கத்தில் வாழ்ந்து, கூடாரப் பயணத்துக்கு அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். மாதத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள நாள்களும் உகந்தவை. ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்குமேல் ஒரு நாள் நீரைக் கூடுதலாக ஏற்றி, எண்ணிச் சரிபார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். எங்களைப்போல் இருவரிடம் வேண்டாம். மோவாப் பகுதியில் கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். மேட்டில் ஒதுங்க மரநிழலும் அரிது. ஆகவே ஜூலையில் வரச் சொன்னால், அக்டோபரில் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.